கேட்டதில் பாதி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

என் எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் கடிதம். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றும் நினைத்தேன். அது உங்கள் அலுவலகத்தின் பொது முகவரிக்குப் போகும், யார் யார் திறப்பார்கள் என்று தெரியவில்லை. ஒட்டிய உறையைப் பிரிக்க மற்றவர்கள் கொஞ்சமாவது தயங்குவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அறக்கட்டளை நடத்தும் ஆறு டயாலிசிஸ் மையங்களுக்கும் சேர்த்துக் கொள்முதல் திட்டமிடும் மென்பொருள் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. அதை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பொருளை எவ்வளவு, எப்போது வாங்குவது என்று இப்போது முடிவு செய்பவர் யார் எனக் கோப்பில் தேடினேன். உங்கள் பெயர் இருந்தது. முதலெழுத்து உங்கள் அப்பாவுடையதாக மாறியிருந்ததால் முதலில் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன்.

நம் உறவை மேலாளரிடம் சொன்னேன். அண்ணனின் முன்னாள் மனைவி என்றால் உறவே முடிந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வரக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்கிறேன். காரணம் எழுத வேண்டாம். 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை போதும்.

வீட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. நீங்கள் கேட்டால் எழுதுகிறேன்.


பிப்ரவரி 9

ஊமைக்கோட்டானுக்கு,

ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எப்போதுமே அது போதும். எனக்குப் போதாது, அதனால்தான் இத்தனை தாள்.

முதலில் உன்மேல் இருக்கும் கோபத்தை எழுதி முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அது நடுவில் வந்து காலை வாரும். உன் அண்ணன் என்னை வேண்டாமென்று அனுப்பியதற்கு நான் உன்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவருடைய இரண்டாவது கல்யாணத்துக்கு நீ போனதையும் புரிந்துகொள்ளப் பார்த்தேன். கூடப் பிறந்தவர், போகாமல் இருக்க முடியாது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவதி எனக்குப் போட்டோ அனுப்பி வைத்தாள். அதில் நீ புதுப்பெண்ணின் தோளில் கைபோட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாய். ஏழு வருஷம் அண்ணியும் நாத்தனாருமாக ஒரே வீட்டில் இருந்தோம். உனக்கு இவ்வளவு பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அது முடிந்தது. இனி வேலை. நீயே வா. வேறு யாராவது வந்தால் நான் 'அ'வன்னாவிலிருந்து பாடம் நடத்த வேண்டும்.

மாதம் பிறந்தால் ஆறு மையங்களிலிருந்தும் இண்டென்ட் வரும். இத்தனை ஃபில்டர், இத்தனை ட்யூப், இத்தனை சலைன் வேண்டும் என்று கேட்கிற தாள்தான் இண்டென்ட். அதில் ஒரு எண்கூட நிஜம் இல்லை. பெரிய மையத்து டாக்டர் தேவையைப்போல இரண்டு மடங்கு கேட்பார். மேம்பாலத்தடி மையத்தில் அதற்கும் மேலே கொசுறு சேர்த்துக் கேட்பார்கள். நான் வெட்டுவேன் என்று தெரிந்துதான் அவர்கள் கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கேட்பார்கள் என்று தெரிந்துதான் நான் வெட்டுகிறேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்காதே. நான் வேலைக்குச் சேர்ந்தபோது காலாவதியான சலைன் பெட்டிகள் ஸ்டோரின் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. இப்போது அங்கே நீ நடனமே ஆடலாம். அது என் கைவேலை.

எனக்குப் பெயர் கத்தரி. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் கத்தரி. ஒருமுறை மேம்பாலத்தடி மையத்துக்குள் நான் நுழைந்ததும் டெக்னீஷியன் கையிலிருந்த பஞ்சைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். "மேடம் வந்துட்டாங்க, இதுலயும் பாதி வெட்டிடுவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது.

இந்த மென்பொருளைக் கேட்டு மூன்று வருஷமாக நடையாய் நடப்பவள் நான்தான். உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பொறுப்பில் இருப்பவள் அதை எதிர்ப்பாள் என்றுதானே நினைத்திருப்பாய்? எனக்கு வெட்டி வெட்டிக் கை ஓய்ந்துவிட்டது. கம்ப்யூட்டர் சொன்னால் அதனிடம் யார் சண்டைக்கு வருவார்கள்? அது வந்தால் 'திட்டமிடல் பொறுப்பாளர்' என்று எனக்குத் தனிப் பதவி என்று செயலாளர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் கொள்முதலைக் கணக்குப் பிரிவோடு சேர்த்துவிடுவார்கள், நான் கணக்கு அதிகாரிக்குக் கீழே. அந்த மனுஷன் டயாலிசிஸ் மெஷினை இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடு வெளியே வந்தேன். போன இடமெல்லாம் 'ஐயோ பாவம்' என்று பார்த்தார்கள். யாரும் என்னைப் பார்த்து இரக்கப்படாத ஒரே இடம் இந்த நாற்காலி. பயப்படுகிறார்கள், திட்டுகிறார்கள், அது எவ்வளவோ மேல். ஆகவே வா, பார், 'ஆம், தேவை' என்று எழுதிவிட்டுப் போ. உண்மையும் அதுதான். நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்க மாட்டேன்.


பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று உங்கள் அலுவலகத்தில் நாம் சந்தித்தோம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. "கன்சல்டன்சியிலேர்ந்து வந்திருக்காங்க" என்று என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினீர்கள். டீ வந்தபோது சர்க்கரை போடலாமா என்று என்னிடம் கேட்டீர்கள். சர்க்கரை இல்லாமல் டீ குடிக்க என்னைப் பழக்கியதே நீங்கள். போடுங்கள் என்றேன். குடித்தும் முடித்தேன்.

போட்டோவைப் பற்றி ஒன்றே ஒன்று. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். இதற்குமேல் எழுதினால் சப்பைக்கட்டாகிவிடும்.

மென்பொருள் விற்க வந்தவரின் டெமோவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினார். உங்கள் ஸ்டோரிலிருந்து மூன்று வருடமாக ஒவ்வொரு மையத்துக்கும் அனுப்பியதை உள்ளே போட்டு, அடுத்த வருடம் யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று திரையில் ஆறு கோடுகளாகக் காட்டினார். ஐந்து கோடுகள் மேலும் கீழும் போயின. ஆறாவது, நீங்கள் சின்ன மையம் என்று சொல்லும் இடத்துடையது, அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராகப் போயிற்று. "இதுதான் சார் ஐடியல் சென்டர். டிமாண்ட் ஏறவே இல்ல பாருங்க" என்றார் அவர். செயலாளர் தலையாட்டினார். கணக்கு அதிகாரி முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நீங்களும் பெருமையோடு பார்த்தீர்கள்.

எனக்கு அந்தக் கோடு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த மையத்தில் நோயாளிகள் கூடிக்கொண்டே வருகிறார்கள் என்று அதே அறையில், அதே செயலாளர், அரைமணி நேரத்துக்கு முன்புதான் சொன்னார். ஆட்கள் ஏற, பொருள் ஏறாமல் எப்படி இருக்க முடியும்? அந்த மையத்து இண்டென்டையும் நீங்கள் வெட்டுகிறீர்களா? அவர்களும் கூட்டித்தான் கேட்கிறார்களா?

இதை நேற்றே எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கலாம். உங்களிடம் தனியாகக் கேட்பது சரி என்று தோன்றியது.


மார்ச் 1

எல்லோர் முன்னாலும் கேட்காமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமா? சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆமாம், வெட்டுகிறேன். கேட்டதில் பாதி. மற்றவர்களுக்கும் அதே கதிதான், சின்ன மையத்துக்கு மட்டும் நான் பந்தல் போட்டு வரவேற்க வேண்டுமா? அங்கே பொறுப்பில் இருக்கிற சிஸ்டர் ஒரு முறைப்பு. முதல் வருஷம் எனக்குக் கடிதம் எழுதினாள், தான் கேட்பது சரியான கணக்கு, குறைக்க வேண்டாம் என்று. ஆறு பேருமே அதைத்தான் எழுதுவார்கள். பெரிய மையத்து டாக்டர் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். நம்பினால் கூரை வரை சலைன் ஏறும்.

அந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை. பற்றாக்குறை இருந்தால் ஒருத்தி சும்மா இருப்பாளா? மற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை போனில் ஒப்பாரி வைக்கிறார்கள். அவள் வைக்கவில்லை. அப்படியென்றால் போதுகிறது என்றுதானே அர்த்தம்?

உன்னை வரச் சொன்னது மென்பொருள் வேண்டுமா என்று பார்க்க. குழாயடி வழக்கு விசாரிக்க இல்லை.


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

சின்ன மையத்துக்குப் போய்வந்தேன். உங்களுக்குத் தெரிந்த இடம் என்றாலும், எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். நீங்கள் அங்கே கடைசியாகப் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

கீழே டயர் கடை, மேலே மையம். மாடிப்படியில் ஏறும்போதே மூக்கில் ரசாயன நெடி ஏறுகிறது. ஃபில்டர்களைக் கழுவும் சின்ன அறையிலிருந்து வருவது அது. ஒரு நோயாளிக்குப் போட்ட ஃபில்டரைக் கழுவி அவருக்கே மறுபடி போடுவது எல்லா இடத்திலும் உண்டு, அதற்கு ஒரு வரம்பும் உண்டு, தாண்டினால் ரத்தம் சரியாகச் சுத்தமாகாது என்று படித்திருந்தேன். இங்கே அலமாரியில் ஒவ்வொருவர் பெயரும் ஒட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். புது ஃபில்டர் வெள்ளையாக இருக்குமாம். இங்கே இருந்தவை பழைய சுவரின் நிறத்தில் இருந்தன.

சிஸ்டர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. அன்பாகவும் பேசவில்லை. வரம்பைத் தாண்டிக் கழுவுகிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். நோயாளிகளுக்குத் தெரியுமா என்றேன். தெரியாது என்றார். மற்ற மையங்களைப்போலக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமே என்று சொன்னதும்தான் அவர் குரல் மாறியது.

"நான் ஏன் பொய் சொல்லணும்? எனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் கேட்பேன். பொய் சொன்னாத்தான் சாமான் கிடைக்கும்னா, அது அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு அசிங்கம். எனக்கு இல்ல."

அவர் சொன்னது நியாயம்தான். கேட்கும்போது எனக்கு அவர்மேல் ஆத்திரமும் வந்தது. தன் நேர்மையைச் சலவை மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறார். அதற்கு அவர் எதையும் இழக்கவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையற்காரர் படுத்திருந்தார். முன்பெல்லாம் டயாலிசிஸ் முடிந்த மறுநாளே கடையில் உட்கார்ந்துவிடுவாராம். இப்போது கை வீங்கி ஊசி பிடிக்க வரவில்லை, தூக்கத்தில் மூச்சு முட்டுகிறது. "உடம்பு அவ்வளவுதாம்மா, தேஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொன்னார். தன் உடம்பைத்தான் அவர் குற்றம் சொல்கிறார். பக்கத்திலேயே நின்ற சிஸ்டர் அவருடைய போர்வையைச் சரிசெய்தார்.

அந்த மையம் கூட்டிக் கேட்டதே இல்லை, அண்ணி. நீங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வெட்டினீர்கள். மற்றவர்களுக்குக் கொழுப்பு வெட்டுப்பட்டது. இங்கே மட்டும் சதை.

இதோடு முடிந்திருந்தால் மென்பொருள் வந்து சரிசெய்துவிடும் என்றே எழுதியிருப்பேன். ஆனால் அந்த நேர்க்கோடு எப்படி வந்தது என்று இப்போது புரிகிறது. ஸ்டோர் கொடுத்ததைத்தான் அந்த மென்பொருள் தேவை என்று கற்றுக்கொண்டிருக்கிறது. பாதி கொடுத்தால் பாதிதான் தேவை என்று அது நம்பும். அடுத்த வருடமும் பாதியையே கணக்காகச் சொல்லும். இதுவரை இண்டென்டாவது இருந்தது, ஒருவர் கேட்டார், ஒருவர் மறுத்தார் என்று. மென்பொருள் வந்தபின் யாரும் கேட்டதே இல்லை என்று ஆகிவிடும்.

அறிக்கை எழுதும் முன்பே இதை உங்களுக்குச் சொல்வது முறையில்லை. ஆனாலும் சொல்கிறேன், நீங்களே முதலில் செயலாளரிடம் போய்ச் சொல்வதற்காக. இந்த மாத இறுதிவரை காத்திருக்கிறேன்.


மார்ச் 20

உனக்கு,

கடிதத்தைப் படித்த மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிச் சின்ன மையத்துக்குப் போனேன். படியில் ஏறும்போது நெடி என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு அடிக்கவே இல்லை. பயத்தில் மூக்கு அடைத்துப்போயிருந்தது.

அந்த சிஸ்டர் மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே வெட்டுறவங்க?"

"ஆமா."

"உக்காருங்க. இங்க நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. அதையும் பாதியாக்கிடாதீங்க."

உட்கார்ந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எழுத்தில் சொன்னேனே என்றாள்.

"மறுபடி சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மறுபடி கேட்டிருக்கலாம்ல?"

எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தேன். ஜன்னலோரக் கட்டிலில் அந்தத் தையற்காரர் இல்லை. பயந்துபோய்க் கேட்டேன், அன்று அவர் முறை இல்லையாம். திரும்பி வந்ததும் ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, அவர்கள் கேட்டிருந்தது முழுவதையும் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். கணக்கு அதிகாரி எதற்கு இவ்வளவு என்று கேட்டார். இண்டென்டில் இருக்கிறது என்றேன். அந்தப் பதிலை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

சரி, நீ ஜெயித்துவிட்டாய். தப்பு என்மேல்தான், நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் செயலாளரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்கிறாயே, நீ எந்த உலகத்தில் இருக்கிறாய்? புத்தகத்தில் ஒருத்தி போய் உண்மையைச் சொன்னால், எதிரில் இருப்பவர் எழுந்து நின்று கண் கலங்குவார். இங்கே செயலாளர் கணக்கு அதிகாரியைக் கூப்பிடுவார்.

கொஞ்சம் யோசித்துப் பார். நீ 'தேவையில்லை' என்று எழுதினால் என்ன ஆகும்? கொள்முதல் அந்த மனுஷன் கைக்குப் போகும். எது கொழுப்பு, எது சதை என்று இன்று இந்த ஆறு மையங்களிலும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிய வைத்ததே நீதான். தெரிந்துகொண்ட அன்றைக்கே என்னை எழுப்பி அனுப்பப் போகிறாயா? நீ 'தேவை' என்று எழுது. பதவி எனக்கு வரும். அந்த மென்பொருளில் பழைய கணக்கைப் போட விடமாட்டேன், மையம் மையமாக நானே போய் எண்ணி, புதுக் கணக்கைப் போடுவேன். ஆறு மாதம் கொடு. அந்தத் தையற்காரருக்கு உன் அறிக்கையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, என்னால் உண்டு.

நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. உன் அண்ணன் கதவைச் சாத்தியபோதுகூடக் கெஞ்சவில்லை, நீதான் பார்த்துக்கொண்டு நின்றாயே. இப்போது கெஞ்சுகிறேன். 'தேவை' என்பது ஒரு வார்த்தைதான். உனக்குப் பிடித்த அளவு.


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

அறிக்கையை இன்று காலை அனுப்பிவிட்டேன். இப்போதைக்கு மென்பொருள் தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் சொன்ன வழியில் அந்த ஆறு மாதத்தை நீங்கள் சரியாகவே செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் தயக்கம் உங்கள்மேல் இல்லை. கம்ப்யூட்டர் சொன்னால் யார் சண்டைக்கு வருவார்கள் என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிதான் என்னைத் தடுத்தது. நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கும்வரை போய் எண்ணுவீர்கள். உங்களுக்குப்பின் வருபவர் திரையைக் காட்டுவார். சிஸ்டர் எழுதிய ஒரு கடிதத்துக்காவது யாரோ ஒருவர் முடியாது என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. திரைக்குக் கடிதம் எழுத முடியாது.

ஆறே மையம், விரல் விட்டு எண்ணக்கூடிய பொருள்கள். ஒவ்வொரு கட்டிலிலும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், ஒரு தாளில் அடங்கும் வேலை. கூட்டிக் கேட்பதும் வெட்டுவதும் நிற்கும்வரை எந்த மென்பொருளும் பொய்யைத்தான் வேகமாகக் கூட்டும். இப்படி எழுதியிருக்கிறேன். கொள்முதலைக் கணக்குப் பிரிவோடு சேர்க்கக் கூடாது, மையங்களை நேரில் அறிந்தவரிடமே இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது. உங்கள் பெயர் எங்கும் இல்லை. 'கொள்முதல் பிரிவின் வழக்கம்' என்றே எழுதினேன். நோயாளிகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதற்காக நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையை எழுதக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று கதவு சாத்தப்பட்டபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றேன். கதவுக்கு உள்பக்கம் நின்றவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.


மே 17

உனக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எழுதியது இங்கே என்ன ஆயிற்று என்று உனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. உங்கள் நிறுவனத்துக்குப் பணம் வந்திருக்கும், கோப்பு மூடியிருக்கும்.

கூட்டத்தில் செயலாளர் உன் அறிக்கையின் முதல் வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். மென்பொருள் தேவையில்லை. அறை முழுக்க நிம்மதி. அறக்கட்டளைப் பெரியவர் ஒருவர், பொண்ணு கெட்டிக்காரி, செலவை மிச்சம் பிடிச்சுக் கொடுத்துட்டா என்று உன்னைப் பாராட்டினார். தனியாக ஒரு பத்தி எழுதினேன் என்றாயே, அதற்கு யாரும் போகவே இல்லை. அது பதினோராம் பக்கத்தில் இருந்தது. நான் படித்தேன். அந்த அறையில் பதினோராம் பக்கம் வரை படித்தவள் நான் ஒருத்திதான்.

ஆனால் 'கொள்முதல் பிரிவின் வழக்கம்' என்பதை மட்டும் கணக்கு அதிகாரி எப்படியோ கண்டுபிடித்துக் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தப் பிரிவில் இருப்பதே ஒரு ஆள். என் பெயரை எழுதாமல் விட்டதற்குப் பதில் எழுதியே இருக்கலாம். எழுதியிருந்தால் எதிர்த்தாவது பேசியிருப்பேன். ஒரு வழக்கத்துக்காக யார் எழுந்து நின்று வாதாடுவது?

பிரிவு இப்போது அவருக்குக் கீழே. என் மேசையை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நடையில் போட்டிருக்கிறார்கள். தாள் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலையை விட முடியாது, வாடகை கொடுக்க வேண்டும். முன்பு திட்டியவர்கள் இப்போது நடையில் போகும்போது நின்று, "எப்படி இருக்கீங்க மேடம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். சூட்கேஸோடு வந்தபோது கேட்ட அதே குரல்.

நீ எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் எழுதியிருந்தால் உன்னை மனதார வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நோயாளிகளிடம் சொல்வதைப் பற்றி வக்கீலைக் கேட்டார்கள். வேண்டாம் என்றாராம். கட்டில் பக்கத்தில் நின்று எண்ணுவதற்கு ஆள் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். கணக்கு அதிகாரி தன் முதல் மாத உத்தரவைப் போட்டார். யாருக்கும் பாரபட்சம் கிடையாதாம், எல்லா இண்டென்டிலும் கால் பங்கு வெட்டு. கத்தரி பாதி வெட்டினாள், நான் கால்தான் வெட்டுகிறேன் என்று நடையில் நின்று என் காதுபடச் சொன்னார். பெரிய மையத்தில் கூரை வரை ஏறத் தொடங்கிவிட்டது. சின்ன மையத்துக்கு, நான் ஒரே ஒருமுறை முழுதாக அனுப்பியதற்குப் பிறகு, மறுபடியும் குறை.

முந்தாநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஆபீஸ் போனிலிருந்து அந்த சிஸ்டரைக் கூப்பிட்டேன். யார் பேசுகிறேன் என்று சொன்னேன். அடுத்த இண்டென்டில் எவ்வளவு கேட்கப் போகிறீர்கள் என்றேன். எப்போதும் போல, தேவையானதுதான் என்றாள். வேண்டாம், கூட்டிக் கேளுங்கள் என்றேன். எவ்வளவு கூட்டினால் வெட்டியபிறகு சரியாக மிஞ்சும் என்பதில் இந்த ஊரிலேயே என்னைவிடத் தேர்ந்தவர் கிடையாது, அதையும் சொன்னேன். வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

பிறகு, "சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள்.

ஒவ்வொரு பொருளாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள், சரியாகக் கேட்டதா என்று பார்க்க.